மருத்துவமனையில் மருந்து விளக்கம்

மருத்துவமனையில் மருந்து விளக்கம் என்பது, மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெறும் நோயாளிக்கு, அவருக்குத் தரப்படும் மருந்தின் பெயர், நோக்கம், அளவு, நேரம், பக்க விளைவுகள் ஆகியவற்றைச் செவிலியர் புரியும்படி எடுத்துரைக்கும் பணியைக் குறிக்கும். மருத்துவரும் மருந்தாளுநரும் இப்பணியில் பங்கு பெற்றாலும், நாள் முழுதும் நோயாளியின் அருகில் இருந்து மருந்தைக் கையில் தருபவர் செவிலியரே என்பதால், இது செவிலியத்தின் அடிப்படைக் கடமைகளுள் ஒன்றாகக் கருதப்படுகிறது.

மருந்தைத் தருவதும் மருந்தை விளக்குவதும் இரு வேறு பணிகள் ஆகும். முதலாவது பணி, நோயாளி மாத்திரையை விழுங்கியதும் முடிந்துவிடுகிறது. இரண்டாவது பணி வெற்றி பெற்றதா என்பது, பல நாட்கள் கழித்து நோயாளி தம் வீட்டில் தனியாக அதே மருந்தை எடுக்கும்போதுதான் தெரியவரும். எனவே செவிலியர் எதைச் சொன்னார் என்பதைக் காட்டிலும் நோயாளி எதைப் புரிந்துகொண்டார் என்பதே விளக்கத்தின் அளவுகோலாகக் கொள்ளப்படுகிறது.

ஐக்கிய அமெரிக்காவில் இப்பணியின் தரம் நோயாளிகளிடம் கருத்தாய்வு நடத்தி அளக்கப்பட்டு, மருத்துவமனை வாரியாகப் பொதுமக்களுக்கு வெளியிடப்படுகிறது. ஆகவே இக்கட்டுரை பெரும்பாலும் அந்நாட்டு நடைமுறைகளையும் ஆய்வுகளையும் அடிப்படையாகக் கொண்டது.

தேவை

மருத்துவமனையில் இருக்கும்வரை மருந்தின் அளவையும் நேரத்தையும் செவிலியர் கவனித்துக்கொள்கிறார். வீடு திரும்பியதும் அப்பொறுப்பு முழுவதும் நோயாளியிடமோ அவரது குடும்பத்தினரிடமோ வந்து சேர்கிறது. இந்த மாற்றம் ஒரே நாளில் நிகழ்வதால் பிழைகளுக்கு இடம் ஏற்படுகிறது.

ஓர் அமெரிக்கப் போதனை மருத்துவமனையில் இருந்து வீடு திரும்பிய 400 நோயாளிகளைப் பற்றி 2003ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு வெளியானது. அவர்களுள் 76 பேருக்கு, அதாவது 19 விழுக்காட்டினருக்கு, வீடு திரும்பிய பின்னர் சிகிச்சையால் ஏதேனும் ஒரு தீங்கு நேர்ந்திருந்தது. அத்தீங்குகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மருந்தால் விளைந்தவை.

மருத்துவத் தகவலை நோயாளிகள் மறப்பதும் இயல்பானதே. சொல்லப்படும் மருத்துவத் தகவலில் 40 முதல் 80 விழுக்காடு வரை உடனே மறக்கப்படுகிறது என்றும், நினைவில் நிற்பதிலும் ஏறத்தாழப் பாதி தவறாகவே நிற்கிறது என்றும் 2003ஆம் ஆண்டின் ஒரு மீளாய்வுக் கட்டுரை தொகுத்துக் கூறியது. வலி, அச்சம், உறக்கமின்மை, மயக்க மருந்தின் எஞ்சிய தாக்கம், முதுமை ஆகியன மருத்துவமனையில் நினைவாற்றலை மேலும் குறைக்கின்றன.

எழுத்தறிவும் இதனோடு தொடர்புடையது. ஐக்கிய அமெரிக்காவில் 2003ஆம் ஆண்டு எடுக்கப்பட்ட தேசிய வயதுவந்தோர் எழுத்தறிவு மதிப்பீட்டின்படி, வயதுவந்தோரில் 36 விழுக்காட்டினரின் நலவியல் எழுத்தறிவு அடிப்படை நிலையிலோ அதற்கும் கீழோ இருந்தது. நலவியல் எழுத்தறிவு என்பது உடல்நலம் பற்றிய தகவலைப் பெற்று, புரிந்து, அதன்படி முடிவெடுக்கும் திறன் ஆகும். பள்ளிப் படிப்பு மிகுந்தவரிடமும் இது குறைவாக இருக்கக்கூடும்.

வரலாறு

நோயாளியிடம் எவ்வாறு பேச வேண்டும் என்பது நவீன செவிலியத்தின் தொடக்கத்திலேயே பேசப்பட்டுள்ளது. புளோரன்சு நைட்டிங்கேல் 1859ஆம் ஆண்டு வெளியிட்ட செவிலியக் குறிப்புகள் நூலில், நோயாளியின் பார்வையில் படும்படி அமர்ந்து பேச வேண்டும் என்றும், நின்றுகொண்டோ நடந்துகொண்டோ பின்னால் இருந்தோ பேசுவது நோயாளியைக் களைப்படையச் செய்யும் என்றும் அறிவுறுத்தினார்.

ஆயினும் மருந்தைப் பற்றிய தகவல் நெடுங்காலம் மருத்துவருக்கே உரியதாகக் கருதப்பட்டது. மருந்தைப் பற்றி நோயாளி வினவினால் மருத்துவரைக் கேட்குமாறு கூறுவதே 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் செவிலியரின் வழக்கமாக இருந்தது. நோயாளியின் உரிமை பற்றிய கருத்து வலுப்பெற்ற பின்னரே இந்நிலை மாறியது. 1970ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிருவாகம், கருத்தடை மாத்திரைகளுடன் நோயாளிக்கான தகவல் தாள் இணைக்கப்பட வேண்டும் என விதித்தது. 1973ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவமனைச் சங்கம் நோயாளியின் உரிமைப் பட்டியலை ஏற்றது. தமது நோயையும் சிகிச்சையையும் பற்றிப் புரியும் மொழியில் அறிந்துகொள்ளும் உரிமை அதில் இடம்பெற்றது.

2000களின் தொடக்கத்தில் நோயாளர் பாதுகாப்பு பற்றிய விவாதம் பெருகியபோது, விளக்கும் முறையும் ஆய்வுக்கு உட்பட்டது. 2003ஆம் ஆண்டு ‘மூன்று கேள்விகள்’ இயக்கம் தொடங்கப்பட்டது. என் முதன்மையான பிரச்சினை என்ன, நான் செய்ய வேண்டியது என்ன, அதைச் செய்வது ஏன் முக்கியம் ஆகிய மூன்றையும் கேட்குமாறு நோயாளிகளை அது ஊக்குவித்தது. 2017ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனம் ‘தீங்கற்ற மருந்துப் பயன்பாடு’ என்னும் உலகளாவிய திட்டத்தை அறிவித்தது. 2022ஆம் ஆண்டின் உலக நோயாளர் பாதுகாப்பு நாளுக்கும் மருந்துப் பாதுகாப்பே கருப்பொருளாக அமைந்தது.

மருந்து தரும் நடைமுறை

மருந்து தருமுன் செவிலியர் ஐந்து சரிகளைச் சோதிக்க வேண்டும் எனச் செவிலியக் கல்வி கற்பிக்கிறது. அவை பின்வருமாறு:

1. சரியான நோயாளி
2. சரியான மருந்து
3. சரியான அளவு
4. சரியான வழி (வாய்வழி, ஊசி முதலியன)
5. சரியான நேரம்

இவை ஐந்தும் செவிலியரின் பக்கம் உள்ளவை. நோயாளிக்குப் புரிந்ததா என்பது இவற்றுள் இல்லை. பிற்காலத்தில் பலர் இப்பட்டியலை நீட்டி, சரியான காரணம், சரியான பதிவு, சரியான கல்வி போன்றவற்றையும் சேர்த்துள்ளனர்.

பல மருத்துவமனைகளில் நோயாளியின் மணிக்கட்டுப் பட்டையிலும் மருந்துப் பொதியிலும் உள்ள பட்டைக்குறிகளை வருடியால் படித்து, கணினியில் உள்ள ஆணையுடன் ஒப்பிட்ட பின்னரே மருந்து தரப்படுகிறது. இம்முறை தவறான மருந்து தரப்படுவதைக் குறைக்கிறது. ஆனால் செவிலியரின் பார்வை திரையின் மீதே இருப்பதால் பேச்சு சுருங்கிவிடும் வாய்ப்பும் உண்டு. இதனைத் தவிர்க்க, வருடும் செயலையே விளக்கத்தின் தொடக்கமாகப் பயன்படுத்தலாம். பொதியைக் காட்டி மருந்தின் பெயரைக் கூறி, அது எதற்காக என்பதை ஒரு வரியில் சொல்லிய பின் தருவது ஒரு வழக்கம். ஒரே மருந்து நாள்தோறும் தரப்படுவதால், ஒரே முறை நீண்ட விளக்கம் தருவதற்குப் பதிலாக ஒவ்வொரு வேளையும் சிறிது சிறிதாகச் சொல்ல வாய்ப்புக் கிடைக்கிறது. மறுநாள் காலை அதே மாத்திரையைக் காட்டி இது எதற்கு என்று நோயாளியையே கேட்கலாம்.

விளக்கத்துக்கு ஏற்ற நேரத்தைத் தேர்வதும் முக்கியம். ஆத்திரேலியாவின் சிட்னியில் இரு மருத்துவமனைகளில் 98 செவிலியர் 4,271 முறை மருந்து தந்ததை உற்றுநோக்கிய ஆய்வு 2010ஆம் ஆண்டில் வெளியானது. பணியின் நடுவே ஏற்பட்ட ஒவ்வொரு குறுக்கீட்டோடும் பிழைகள் ஏறத்தாழ 12 விழுக்காடு கூடியதாக அது காட்டியது. ஆகவே மருந்தை அளந்து எடுக்கும்போது பேசாமல் இருப்பதும், எடுத்து முடித்து நோயாளியின் அருகே வந்த பிறகு பேசுவதும் பொருத்தமானவை எனலாம்.

சொல்ல வேண்டியவை

ஒரு மருந்தைப் பற்றிக் கூறக்கூடிய செய்திகள் பல பக்கங்களுக்கு நீளும். அனைத்தையும் சொன்னால் எதுவும் நிற்காது. எனவே ஒரு முறைக்கு இரண்டு அல்லது மூன்று செய்திகளை மட்டும் சொல்லி, அவை புரிந்தனவா எனச் சோதித்த பின் அடுத்தவற்றுக்குச் செல்வது பரிந்துரைக்கப்படுகிறது. பொதுவாகப் பின்வருவனவற்றுக்கு முதலிடம் தரப்படுகிறது:

* மருந்தின் பெயரும் அது எதற்காகத் தரப்படுகிறது என்பதும்
* எப்போது, எவ்வளவு, எப்படி எடுக்க வேண்டும் என்பது
* அடிக்கடி ஏற்படும், ஆனால் அஞ்ச வேண்டாத விளைவு
* உடனே தெரிவிக்க வேண்டிய விளைவு
* தானாக நிறுத்தக்கூடாத மருந்து எனில் அச்செய்தி

பரவலாகத் தரப்படும் சில மருந்துகளுக்கான எடுத்துக்காட்டுகள்:

* லிசினோபிரில்: குருதி அழுத்தத்தைக் குறைக்கவும் இதயத்துக்கு உதவவும் தரப்படுகிறது. வறட்டு இருமலும், எழுந்து நிற்கும்போது தலைச்சுற்றலும் வரக்கூடும். உதடு, நாக்கு அல்லது முகம் வீங்கினால் அவசர உதவி தேவை.
* வார்ஃபரின்: குருதி உறைகட்டியைத் தடுக்கிறது. எளிதில் குருதி கசியலாம். மலம் கறுத்துப் போனாலோ தலையில் அடிபட்டாலோ உடனே மருத்துவ உதவியை நாட வேண்டும். குருதிச் சோதனைகளைத் தவறவிடக் கூடாது.
* இரும்புச்சத்து மாத்திரை: குருதிச்சோகைக்குத் தரப்படுகிறது. மலச்சிக்கல் ஏற்படலாம். மலம் கருநிறமாவது இம்மருந்தின் இயல்பான விளைவு.
* பியூரோசெமைடு: உடலில் தேங்கிய நீரை வெளியேற்றுகிறது. சிறுநீர் அடிக்கடி கழியும் என்பதால் இரவில் எடுத்தால் உறக்கம் கெடும்.
* பிரெட்னிசோன்: அழற்சியைக் குறைக்கிறது. குருதிச் சர்க்கரை உயரலாம், உறக்கம் குறையலாம். சில வாரங்கள் எடுத்த பிறகு திடீரென நிறுத்தக்கூடாது.

இவற்றுள் இரண்டாவதும் மூன்றாவதும் ஒப்புநோக்கத் தக்கவை. கறுத்த மலம் என்னும் ஒரே அறிகுறி, ஒரு மருந்தில் அஞ்ச வேண்டாதது, மற்றொன்றில் உயிருக்கு ஆபத்தான குருதிப்போக்கின் அடையாளம். இரு மருந்துகளையும் ஒருசேர எடுக்கும் நோயாளி, கறுத்த மலம் இரும்புச்சத்தால்தான் வந்தது என்று தாமே முடிவு செய்யாமல் மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். பக்க விளைவுகளின் பொதுப் பட்டியலை வாசிப்பது விளக்கம் ஆகாது என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

திருப்பிச் சொல்லவைத்தல்

விளக்கம் புரிந்ததா என்பதை அறியப் பயன்படும் முறைகளுள் பரவலாக அறியப்பட்டது திருப்பிச் சொல்லவைத்தல் ஆகும். ஆங்கிலத்தில் இது டீச்-பேக் எனப்படுகிறது. செவிலியர் விளக்கிய பின், நோயாளி அதனைத் தம் சொந்தச் சொற்களில் திரும்பக் கூறுகிறார். தவறு இருந்தால் செவிலியர் வேறு விதமாக விளக்கி, மீண்டும் சொல்லச் செய்கிறார். சரியாக வரும்வரை இச்சுழற்சி தொடர்கிறது.

‘புரிந்ததா?’ என்னும் கேள்வி இதற்கு ஈடாகாது. பெரும்பாலான நோயாளிகள் புரியாவிட்டாலும் ஆம் என்றே விடையளிக்கின்றனர். அறியாமை வெளிப்படுமோ என்னும் நாணம், செவிலியரின் நேரத்தை வீணாக்குகிறோமோ என்னும் தயக்கம், புரிந்துவிட்டது என்னும் உண்மையான ஆனால் தவறான நம்பிக்கை ஆகியன இதற்குக் காரணங்கள்.

இம்முறையில் கேட்கும் விதம் முக்கியமானது. இது நோயாளிக்கு வைக்கும் தேர்வு அன்று. சோதிக்கப்படுவது செவிலியரின் விளக்கமே என்பது நோயாளிக்குத் தெரிய வேண்டும். ஓர் எடுத்துக்காட்டு உரையாடல்:

செவிலியர்: அம்மா, நான் தெளிவாகச் சொன்னேனா என்று பார்க்க விரும்புகிறேன். இந்தப் புதிய மாத்திரையைப் பற்றி வீட்டில் உங்கள் மகள் கேட்டால் என்ன சொல்வீர்கள்?

நோயாளி: தண்ணீர் மாத்திரை என்பேன். கால் வீங்கினால் ஒன்று போட வேண்டும்.

செவிலியர்: தண்ணீர் மாத்திரை என்பது சரி. எப்போது போடுவது என்பதை நான் சரியாகச் சொல்லவில்லை. வீக்கம் இல்லாவிட்டாலும் தினமும் காலையில் ஒன்று போட வேண்டும். அதனால்தான் வீக்கம் வராமல் இருக்கும். இனி எப்படிப் போடுவீர்கள்?

நோயாளி: வீக்கம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் காலையில் ஒன்று.

இங்கு நோயாளி மருந்தின் நோக்கத்தைச் சரியாகவே புரிந்துகொண்டிருந்தார். அந்தச் சரியான புரிதலில் இருந்தே, வீக்கம் இல்லாத நாளில் மாத்திரை தேவையில்லை என்னும் தவறான முடிவுக்கும் வந்தார். திருப்பிச் சொல்லவைக்காவிடில் இத்தவறு வெளிப்பட்டிருக்காது.

இம்முறை எளிமையானது எனினும் நடைமுறையில் அரிதாகவே பயன்பட்டது. 2003ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், நீரிழிவு நோயாளிகளுடன் மருத்துவர்கள் நிகழ்த்திய உரையாடல்கள் ஒலிப்பதிவு செய்யப்பட்டன. அவற்றில் பேசப்பட்ட 124 புதிய செய்திகளில் 15இல் மட்டுமே நோயாளிக்குப் புரிந்ததா என மருத்துவர் சோதித்திருந்தார். அவ்வாறு சோதிக்கப்பட்ட நோயாளிகளின் குருதிச் சர்க்கரைக் கட்டுப்பாடு சிறப்பாக இருந்தது. எனினும் இது காரண-விளைவுத் தொடர்பை நிறுவும் வகையிலான ஆய்வு அன்று.

செய்துகாட்டச் செய்தல்

சொற்களைத் திரும்பச் சொல்வது மட்டும் சில வேளைகளில் போதாது. 2006ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில் ஐக்கிய அமெரிக்காவின் மூன்று நகரங்களைச் சேர்ந்த 395 நோயாளிகளுக்கு மருந்துப் புட்டிகளின் ஒட்டுச்சீட்டுகள் காட்டப்பட்டன. அவற்றுள் ஒன்று, இரண்டு மாத்திரைகளை நாளைக்கு இருமுறை உட்கொள்ளவும் என்றது. எழுத்தறிவு குறைந்தவர்களுள் 70.7 விழுக்காட்டினர் அதனைச் சரியாகக் கூறினர். ஆனால் ஒரு நாளைக்கு உரிய மாத்திரைகளை எண்ணிக் காட்டும்படி கேட்டபோது 34.7 விழுக்காட்டினரே நான்கு மாத்திரைகளைச் சரியாக எடுத்துக் காட்டினர்.

ஆகவே இன்சுலின் ஊசி, உறிஞ்சு மருந்துக் கருவி, அளவுக் குழல் போன்றவற்றில் நோயாளி செய்துகாட்ட வேண்டும் எனச் செவிலியர் கோருவது நலம். மாத்திரைகளிலும் ஒரு நாளைக்கு உரியவற்றைப் பெட்டியின் அறைகளில் நோயாளியே அடுக்கும்படி செய்யலாம்.

சொற்களின் தேர்வு

‘நாளைக்கு இருமுறை’ என்பதைவிட ‘காலையில் 2, மாலையில் 2’ என்பது தெளிவானது. ஐக்கிய அமெரிக்காவின் மருந்துத் தரநூல் அமைப்பு 2012ஆம் ஆண்டு வெளியிட்ட ஒட்டுச்சீட்டுத் தரமும் இவ்வாறு வெளிப்படையாக எழுதுவதையே வலியுறுத்துகிறது. ‘12 மணிக்கு ஒருமுறை’ என்று சொன்னால், 12 மணி நேரத்துக்கு ஒருமுறையா அல்லது கடிகாரத்தில் 12 அடிக்கும்போதா என்னும் ஐயம் எழும்.

மருத்துவக் கலைச்சொற்களுக்குப் பதிலாக நோயாளி வழங்கும் சொல்லைப் பயன்படுத்துவது நன்று. ஆனால் மருந்தின் பெயரை மட்டும் மாற்றாமல் சொல்ல வேண்டும். வெள்ளை மாத்திரை, இதய மாத்திரை என்று மட்டும் அறிந்த நோயாளி, வேறு நிறுவனத்தின் அதே மருந்து வேறு நிறத்தில் வரும்போது இரண்டையும் சேர்த்து எடுத்துவிடக்கூடும்.

பக்க விளைவின் அளவைச் சொல்வதிலும் கவனம் தேவை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 1998ஆம் ஆண்டு வழிகாட்டலில் ‘பொதுவானது’ என்னும் சொல் 1 முதல் 10 விழுக்காட்டினருக்கு ஏற்படும் விளைவைக் குறிக்கிறது. ஆனால் அச்சொல்லைக் கேட்கும் மக்கள் அதைவிடப் பன்மடங்கு கூடுதலாக மதிப்பிடுகின்றனர் எனப் பிரித்தானிய ஆய்வுகள் கண்டன. நூறு பேரில் ஐந்து பேருக்கு வரலாம், தொண்ணூற்றைந்து பேருக்கு வராது என்பது போன்று எண்ணால் சொல்வது இக்குழப்பத்தைக் குறைக்கும்.

மொழி

நோயாளியும் செவிலியரும் வேறு மொழியினராக இருந்தால் சிக்கல் கூடுகிறது. ஆங்கிலத்தில் ஒருமுறை என்பதைக் குறிக்கும் ‘ஒன்ஸ்’ என்னும் சொல்லின் எழுத்துகள், ஸ்பானிய மொழியில் 11 என்னும் எண்ணைக் குறிக்கும் ‘ஓன்சே’ என்னும் சொல்லின் எழுத்துகளே ஆகும். நாளைக்கு ஒருமுறை என எழுதப்பட்டதை நாளைக்குப் பதினொரு முறை என வாசிக்கக்கூடிய ஆபத்து இதனால் எழுகிறது. நியூயார்க் நகரின் பிராங்க்சு பகுதி மருந்தகங்களில், கணினி மொழிபெயர்த்த ஸ்பானிய ஒட்டுச்சீட்டுகளை ஆராய்ந்து 2010ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், அவற்றுள் பாதியில் பிழைகள் காணப்பட்டன.

குடும்பத்துச் சிறுவரை மொழிபெயர்ப்பாளராகப் பயன்படுத்துவது பரவலாக இருந்த வழக்கம். 2016ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்கக் கூட்டரசு வெளியிட்ட விதிகள், அவசர நிலை தவிர மற்ற நேரங்களில் இதனைத் தடை செய்தன. தகுதி பெற்ற மொழிபெயர்ப்பாளரை நேரிலோ தொலைபேசி, நிகழ்படம் வழியாகவோ மருத்துவமனை ஏற்பாடு செய்ய வேண்டும். மொழிபெயர்ப்பாளர் வழியாகவும் திருப்பிச் சொல்லவைத்தலை நடத்தலாம்.

அளவிடுதல்

ஐக்கிய அமெரிக்காவில் மருந்து விளக்கத்தின் தரம் எச்கேப்ஸ் எனப்படும் நோயாளர் கருத்தாய்வின் மூலம் அளக்கப்படுகிறது. மெடிக்கேர் மற்றும் மெடிக்கெய்டு சேவைகள் மையமும் நலப்பணி ஆய்வு மற்றும் தர முகமையும் இணைந்து இதனை உருவாக்கின. 2006ஆம் ஆண்டு அக்டோபரில் நாடு தழுவிய அளவில் நடைமுறைக்கு வந்தது. 2008ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் முதல் முடிவுகள் பொதுவில் வெளியிடப்படுகின்றன.

வீடு திரும்பிய நோயாளிகளுள் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களிடம், மருத்துவமனையில் முன்பு எடுத்திராத புதிய மருந்து ஏதேனும் தரப்பட்டதா எனக் கேட்கப்படுகிறது. ஆம் என்பவர்களிடம் இரு கேள்விகள் தொடர்கின்றன:

* புதிய மருந்தைத் தருமுன், அது எதற்காக என்பதைப் பணியாளர்கள் எவ்வளவு அடிக்கடி கூறினர்?
* புதிய மருந்தைத் தருமுன், ஏற்படக்கூடிய பக்க விளைவுகளைப் புரியும் வகையில் எவ்வளவு அடிக்கடி விவரித்தனர்?

ஒருபோதும் இல்லை, சில வேளைகளில், வழக்கமாக, எப்போதும் என்பன விடைகள். ‘எப்போதும்’ என விடையளித்தோரின் விழுக்காடே மருத்துவமனையின் மதிப்பெண்ணாக முதன்மைப்படுத்தப்படுகிறது. 2010களில் மருந்து விளக்கத்துக்கான தேசியச் சராசரி ஏறத்தாழ 60 முதல் 66 விழுக்காடு வரையே இருந்தது. அதே ஆண்டுகளில் செவிலியரின் பொதுவான தகவல் தொடர்புக்கான சராசரி 75 விழுக்காட்டுக்கும் மேல் இருந்தது. செவிலியர் அன்பாகவும் மரியாதையுடனும் பேசினார் எனக் கருதும் நோயாளிகளுள் பலரும், மருந்து பற்றி எப்போதும் சொல்லப்பட்டதாகக் கருதவில்லை என்பதை இவ்வேறுபாடு காட்டுகிறது. இரு கேள்விகளுள் பக்க விளைவு பற்றிய கேள்வியே குறைந்த மதிப்பெண் பெறுவது வழக்கம்.

2012ஆம் ஆண்டு அக்டோபரில் இருந்து இம்முடிவுகள் மருத்துவமனைகளுக்கு மெடிக்கேர் வழங்கும் தொகையுடன் இணைக்கப்பட்டன. இதன் பின்னர் மருந்து விளக்கத்தை மேம்படுத்தும் முயற்சிகள் பெருகின. படுக்கை அருகே வெண்பலகையில் புதிய மருந்தின் பெயரை எழுதுதல், ஒரு பக்கத் தகவல் தாள்கள், செவிலியர் பணி மாறும்போது நோயாளியின் முன்னிலையிலேயே மருந்துகளைப் பற்றிப் பேசுதல், வீடு திரும்பிய பின் தொலைபேசியில் அழைத்தல் ஆகியன அவற்றுள் சில.

வீடு திரும்பும்போது தம் மருந்து ஒவ்வொன்றின் நோக்கத்தையும் தெளிவாகப் புரிந்திருந்தாரா என்னும் கேள்வியும் 2013ஆம் ஆண்டு முதல் இக்கருத்தாய்வில் இருந்தது. 2025ஆம் ஆண்டு சனவரியில் நடைமுறைக்கு வந்த புதிய வடிவத்தில் அக்கேள்வி நீக்கப்பட்டது. மேற்கூறிய இரு கேள்விகளும் தொடர்கின்றன.

ஆய்வு முடிவுகள்

பாசுட்டன் நகரில் 749 நோயாளிகளிடம் நடத்தப்பட்ட ‘திட்டம் ரெட்’ ஆய்வின் முடிவுகள் 2009ஆம் ஆண்டு வெளியாயின. இதில் இதற்கெனப் பயிற்சி பெற்ற செவிலியர் ஒருவர் நோயாளிக்கு மருந்துகளை விளக்கி, படங்களுடன் கூடிய கையேட்டைத் தந்தார். 2 முதல் 4 நாட்களுக்குப் பின் மருந்தாளுநர் தொலைபேசியில் அழைத்து மருந்துகளைச் சரிபார்த்தார். வழக்கமான முறையில் வீடு திரும்பியோருடன் ஒப்பிடுகையில், இவர்கள் 30 நாட்களுக்குள் மீண்டும் மருத்துவமனையையோ அவசரப் பிரிவையோ நாடுவது ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்தது.

ஆனால் 2012ஆம் ஆண்டு வெளியான மற்றோர் ஆய்வு மாறுபட்ட முடிவைத் தந்தது. இதய நோயாளிகள் 851 பேரிடம் நடத்தப்பட்ட அந்த ஆய்வில், மருந்தாளுநரின் விளக்கமும் எளிய படத்தாள்களும் தொலைபேசி அழைப்பும் தரப்பட்டும், வீடு திரும்பிய பின்னர் ஏற்பட்ட முக்கியமான மருந்துப் பிழைகள் குறையவில்லை. ஏறத்தாழப் பாதி நோயாளிகளுக்கு 30 நாட்களுக்குள் ஒரு பிழையாவது நேர்ந்தது. மருந்துகளின் எண்ணிக்கை, விலை, குடும்ப உதவி, மருத்துவரிடையே தகவல் பரிமாற்றம் ஆகியனவும் விளைவைத் தீர்மானிக்கின்றன என்பதால், நல்ல விளக்கம் தேவையானது, ஆயினும் அது மட்டுமே போதுமானது அன்று என்பது தெளிவாகிறது.

விமர்சனங்கள்

* கருத்தாய்வு நோயாளியின் நினைவையே அளக்கிறது, புரிதலை அன்று. பக்க விளைவு என்னும் சொல்லை அடிக்கடி உச்சரித்தாலே மதிப்பெண் கூடும் என்னும் எண்ணத்தில், சில இடங்களில் செவிலியர் மனப்பாடமான வாக்கியங்களைச் சொல்லப் பழக்கப்படுகின்றனர்.
* கருத்தாய்வுக்கு விடையளிப்போர் தொகை குறைந்து வந்துள்ளது. 2008ஆம் ஆண்டில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் விடையளித்தனர். பிற்காலத்தில் இது நான்கில் ஒருவர் என்னும் அளவை ஒட்டியே உள்ளது.
* விளக்குவதற்கு நேரம் வேண்டும். கலிபோர்னியா மாநிலச் சட்டப்படி 2005ஆம் ஆண்டு முதல் பொது மருத்துவ, அறுவைப் பிரிவுகளில் ஒரு செவிலியருக்கு 5 நோயாளிகளுக்கு மேல் ஒதுக்கக் கூடாது. இத்தகைய வரம்பு இல்லாத இடங்களில், நேரம் ஒதுக்காமல் விளக்கத்தை மட்டும் கோருவது பயனளிக்காது எனச் செவிலியர் சுட்டிக்காட்டுகின்றனர்.
* பக்க விளைவைச் சொன்னால் நோயாளி அஞ்சி மருந்தை விட்டுவிடுவார் என்னும் கவலை உண்டு. எதிர்பார்ப்பே சில அறிகுறிகளைத் தோற்றுவிக்கும் நோசிபோ விளைவும் அறியப்பட்டதே. ஆயினும் முன்னரே அறியாத விளைவு வரும்போது நோயாளி யாரிடமும் சொல்லாமல் மருந்தை நிறுத்துவதும் நிகழ்கிறது. எனவே விளைவை மறைக்காமல், மருந்தின் பயனோடும், விளைவு வந்தால் செய்ய வேண்டியதோடும் சேர்த்துச் சொல்வதே பரிந்துரைக்கப்படுகிறது.

இவற்றையும் பார்க்க

* செவிலியம்
* நோயாளர் பாதுகாப்பு
* நலவியல் எழுத்தறிவு
* பக்க விளைவு
* புளோரன்சு நைட்டிங்கேல்